கொள்ளுத்தாத்தாவின் பேனாக்கத்தி: பாலிஷ் போடும் முன் படித்துப் பாருங்கள்

வாசகியின் கடிதம் நான்கு பக்கம். அதன் சுருக்கம் இது.

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஒரு கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். தந்தை சென்ற ஆண்டு காலமானார். உயில் எதுவும் எழுதவில்லை. பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கியபோது, பழைய அடங்கல் (கிராம நிலக் கணக்கு) தாள்களுக்கு அடியில் தோல் உறையோடு ஒரு பேனாக்கத்தி கிடைத்தது. கொள்ளுத்தாத்தா அந்த ஊர்க் கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. மேட்டூர் அணை திறந்த நாலைந்து வருஷத்தில் காலமானவர். அவருக்குப் பிறகு தாத்தாவும் அதே வேலை பார்த்திருக்கிறார்.

மடக்கினால் மூன்றரை அங்குலம் இருக்கும் கத்தி. இரண்டு அலகு. பெரியது தேய்ந்து பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. சிறியது துருப்பிடித்து உள்ளேயே நின்றுவிட்டது. பிடி பழுத்த வெள்ளை. இரண்டு முனையிலும் வெள்ளை உலோகப் பூண். பெரிய அலகில் லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்ற பெயரும், "மாட்சிமை தங்கிய அரசருக்குக் கத்தி செய்பவர்கள்" என்று பொருள்படும் ஆங்கில வரியும், ஜி, ஆர் என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு கிரீடமும், ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் தெரிகின்றன.

ஜி, ஆர் என்பது கொள்ளுத்தாத்தா பெயரின் முதலெழுத்துகள், ஜமாபந்திக்கு (வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு) வந்த வெள்ளைக்காரக் கலெக்டர் பெயர் பொறித்துப் பரிசாகக் கொடுத்தார் என்பது குடும்பத்தில் சொல்லும் கதை. சிலுவை இருப்பதால் தரங்கம்பாடி மிஷன் வழியாக வந்திருக்கலாம் என்பது வாசகியின் ஊகம். பிடி யானைத் தந்தம், பூண் வெள்ளி, லட்சக்கணக்கில் போகும் என்கிறார் அண்ணன். கும்பகோணத்தில் பஃபிங் போட்டு, அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெளிநாட்டில் இருக்கும் தன் மகனுக்கு அனுப்பி விற்கச் சொல்லலாம் என்கிறார். "கல்யாணமாகிப் போன உனக்கு இதில் என்ன பேச்சு?" என்றும் கேட்டிருக்கிறார். இதற்கிடையில் வாசகி பெரிய அலகின் ஒரு பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். இது என்ன கத்தி, என்ன மதிப்பு, யாருக்குச் சொந்தம், அனுப்பலாமா, வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்கள் தெளிவாக இருந்தன. அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் உங்கள் கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டு, நீங்கள் கேட்காமலே சொன்ன ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

புளியை நிறுத்துங்கள், பஃபிங் வேண்டவே வேண்டாம்

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தே வளர்ந்த கை உங்களுடையது. அதனால் நீங்கள் செய்தது இயல்புதான். ஆனால் பித்தளைக்குப் பொருந்துவது இரும்புக்குப் பொருந்தாது. புளியின் அமிலம் எஃகை அரிக்கும். அந்த ஈரம் அலகின் மூட்டுக்குள் இறங்கிவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு வளரும்.

அலகின் மேல் இரண்டு நிறம் இருக்கும். செங்காவி நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாக இருப்பது துரு. அது போக வேண்டும். சாம்பலும் கருநீலமும் கலந்து, தேய்த்தாலும் ஒட்டாமல் இருப்பது பல பத்தாண்டுகளில் எஃகின் மேல் தானாகப் படிந்த படலம். அது அழுக்கு இல்லை. அடியிலிருக்கும் எஃகுக்கு அது ஓரளவு காப்பு. பழைய கத்தி என்பதற்கு முதல் சாட்சியும் அதுதான். உங்கள் படத்தில் புளி படாத பக்கம் அந்தப் படலம் அழகாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

பஃபிங் இதைவிட ஆபத்து. நீங்கள் லென்ஸ் வைத்துப் படித்த எழுத்துகளின் ஆழம் ஒரு தலைமயிர்க் கனம்கூட இருக்காது. சக்கரத்தில் ஒரு நிமிஷம் வைத்தால் பெயர், கிரீடம், நட்சத்திரம் எல்லாம் மழுங்கிவிடும். அப்புறம் அது எந்த ஊர்க் கத்தி என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் புளி பட்ட பக்கத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். பிறகு தையல் மிஷின் எண்ணெயை மூட்டில் இரண்டு சொட்டு விட்டு, பெரிய அலகை மெதுவாகத் திறந்து மூடி, வெளியே வரும் கறுப்பைத் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை நாலைந்து நாள் இதையே செய்யலாம். செந்துரு இருக்கும் இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கூர் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும், உப்புத்தாள் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும். உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பட்டால் பச்சைக் களிம்பும் உண்டாகும். பிடியின் விளிம்பில் நீங்கள் பார்த்த பச்சைக் கோடு அதுதான். அதையும் மூங்கில் குச்சியாலேயே எடுத்துவிடலாம்.

திறக்காத சின்ன அலகை ஆணி வைத்தோ இடுக்கி வைத்தோ நெம்பாதீர்கள். நகம் வைத்துத் திறக்கும் அந்தப் பள்ளத்தின் ஓரமே உடைந்துவிடும். மூட்டில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். தினமும் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு விரல் நகத்தின் பலத்துக்கு வந்தால் வரட்டும்; வராவிட்டால் இன்னொரு வாரம்.

எழுத்துகள் சொல்வது

உங்கள் குடும்பக் கதையை மறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜி, ஆர் என்பது கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை. ஜி என்பது ஜார்ஜ், ஆர் என்பது ரெக்ஸ். லத்தீனில் அரசர் என்று பொருள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் இருந்த ராட்ஜர்ஸ் நிறுவனம் அரண்மனைக்குக் கத்தி கொடுத்துவந்தது. அந்த உரிமையால் ஆளுகிறவரின் எழுத்தையும் கிரீடத்தையும் அலகில் பொறித்தார்கள். விக்டோரியா காலத்தில், 1901 வரை, வி, ஆர். ஏழாம் எட்வர்டு காலத்தில், 1910 வரை, இ, ஆர். ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை; ஆறாம் ஜார்ஜ் 1936 கடைசியிலிருந்து 1952 வரை. 1830-க்கு முன்னும் ஜார்ஜ்கள் உண்டு. ஆனால் கொள்ளுத்தாத்தா வாங்கிய கத்தி அவ்வளவு பழையதாக இருக்க வழியில்லை.

இங்கேதான் மேட்டூர் அணை உதவிக்கு வருகிறது. அணை திறந்தது 1934. அதிலிருந்து நாலைந்து வருஷம் என்றால் அவர் காலமானது 1938, 1939 வாக்கில். அவரே புதிதாக வாங்கிய கத்தி என்றால் 1910-க்கும் அந்த வருஷத்துக்கும் இடைப்பட்டது. பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் காலம். டெல்டாவில் வயதானவர்கள் மேட்டூரை வைத்தும் புயலை வைத்தும் காலம் சொல்வதை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொருளுக்கு வயது கணிக்கிறவனுக்கு அது கல்வெட்டு மாதிரி.

நட்சத்திரமும் சிலுவையும் மதச் சின்னங்கள் இல்லை. ஷெஃபீல்டில் கத்தி செய்கிறவர்களுக்கு 1624-லேயே சட்டப்படி ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக்குறியைப் பதிவு செய்து கொடுப்பது அதன் முக்கியமான வேலை. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே ராட்ஜர்ஸின் குறி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் குறியைப் பார்த்துச் சரக்கை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இவ்வளவு பெயர் இருந்தால் போலியும் இருக்கும். ராட்ஜர்ஸ் பெயரைக் காப்பியடித்த கத்திகள் உலகம் முழுக்கப் போயின. பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அல்லது குறி மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இப்படிப் பொய்க்குறி போட்டு விற்பதைத் தடுக்கவே இந்தியாவிலும் 1889-ல் வணிகக் குறிச் சட்டம் வந்தது. உங்கள் படத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கிறது. ராட்ஜர்ஸ் என்ற பெயரின் நடுவில் 'டி' (D) என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். எழுத்துகள் நேராக, ஒரே ஆழத்தில் இருக்கின்றன. அலகைத் திறக்கும்போது "டக்" என்று நின்று, மூடும்போதும் அதே சத்தத்தோடு உள்ளே போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பெரிய சாட்சி. முதுகிலிருக்கும் ஸ்பிரிங் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தளரவில்லை என்றால் அதைப் பதம் வைத்தவன் தேர்ந்த கைக்காரன். நேரில் பார்க்காமல் அறுதியிட மாட்டேன். ஆனாலும் அசல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

துருவும் ஒரு தகவல்தான். அதே ஷெஃபீல்டில் 1913-ல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். பேனாக்கத்திகளில் அது வந்தபோது 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லையே அலகில் பெருமையாகப் பொறித்தார்கள். உங்களுடையதில் அது இல்லை. பழைய கார்பன் எஃகு. இதை மட்டும் வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் கார்பன் எஃகுக் கத்திகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் வந்தன.

கலெக்டர் பரிசுக் கதைக்கு வருகிறேன். பரிசுக் கத்தி என்றால் பிடியில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் பெயரோ தேதியோ பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். உங்களுடையதில் தகடு வெறுமையாக இருக்கிறது. கலெக்டர் கையால் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கத்திகள் அப்போது இங்கே கடைகளில் கிடைத்த இறக்குமதிச் சரக்கு. ஒரு கர்ணம் தன் காசில் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் பிடித்த கதை.

ஏன் பிடிக்கிறது என்று சொல்கிறேன். எழுதுகிறவர் கையில் ஒரு கத்தி இருப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஓலையை வாரித் திருத்தும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்க்கும்போது அவற்றின் நேரான ஓரங்களைக் கவனியுங்கள். அதெல்லாம் கத்தியின் வேலை. ஐரோப்பாவிலும் இறகுப் பேனாவைச் சீவத்தான் இந்தச் சின்னக் கத்தி வந்தது. பேனாக்கத்தி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் இறகும் போய் எஃகு நிப்பு வந்துவிட்டது. ஆனால் பென்சில் சீவ, கணக்குக் கட்டின் நூலை அறுக்க, அரக்கைச் சுரண்ட, தாளை வெட்ட என்று கர்ணத்துக்குக் கத்தி வேண்டியிருந்தது. அந்தக் கர்ணம் பதவியையே அரசு 1980-ல் எடுத்துவிட்டது. அடங்கல் தாளுக்கு அடியில் கத்தி கிடந்தது தற்செயல் இல்லை. ஒரு தொழிலின் ஆயுதங்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிடி தந்தமா?

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடி முழுக்க ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும், நீளவாக்கில் குட்டிக் கீறல்களும் தெரிகின்றன. அவை எலும்பில் இரத்தக் குழாய் போன வழிகள். காலப்போக்கில் அழுக்கு ஏறிக் கறுத்துவிடும். தந்தத்தில் இந்தத் துளைகள் இருக்காது. அதில் மெல்லிய ரேகை ஓடும். குறுக்கே வெட்டிய முகத்தில் அந்த ரேகைகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரியும். செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக் என்றால் கோடுகள் அச்சடித்ததுபோல ஒரே சீராகப் போகும். உங்களுடையது எலும்புதான், அநேகமாக மாட்டெலும்பு.

அண்ணன் மகன் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். எலும்பாக இருந்தால் நிரந்தரமான வடு. செல்லுலாய்டாக இருந்தால் தீயே பிடிக்கும்.

எலும்பு என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உண்மையில் நிம்மதி. தந்தமாக இருந்திருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வந்திருக்கும். 1986-லும் 1991-லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு, இந்தியத் தந்தமானாலும் ஆப்பிரிக்கத் தந்தமானாலும் இங்கே விற்க வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளவே உரிமைச் சான்று கேட்பார்கள். விளம்பரத்தில் "தந்தப் பிடி" என்று போட்டால் தேவையில்லாத வம்பு வீடு தேடி வரும். இதை அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பூண் வெள்ளி இல்லை, ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, பெயரில்தான் வெள்ளி. இங்கிலாந்து வெள்ளியாக இருந்தால் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும்.

விற்பது, அனுப்புவது, யாருக்குச் சொந்தம்

லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். பெயர்பெற்ற நிறுவனம்தான், ஆனால் இந்த வகை இரண்டலகுக் கத்திகளை அவர்கள் ஏராளமாகச் செய்தார்கள். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அலகின் அகலம். சாணை பிடித்துப் பிடித்துப் பாதியான அலகு விலையைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடும். ஆயிரங்களில் பேசக்கூடிய பொருள் இது. புளி பட்ட பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள். தொல்பொருள்கள் மற்றும் கலைப்புதையல்கள் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் கத்தி 1910-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது. நூறு ஆண்டு ஆகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்க வேண்டும். வீட்டில் வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை.

போலீஸ் பயம் வேண்டாம். ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. உங்களுடையது இரண்டரை அங்குல நீளம். அகலம் அரை அங்குலம்கூடத் தேறாது. விமானத்தில் கைப்பையில் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

உரிமை விஷயத்தில் அண்ணன் சொன்னது தவறு. உயில் இல்லாமல் தந்தை இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி எல்லாருக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அதைச் சொல்கிறது. கல்யாணமானதால் அது போகாது. உங்கள் அம்மாவுக்கும் பங்கு உண்டு. இதைக் கடிதத்தில் நீங்களும் விட்டுவிட்டீர்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்து விற்க முடியாது. ஆனால் ஒரு பேனாக்கத்திக்காக வக்கீல் நோட்டீஸ் விடும் அளவுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்தக் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். லட்சமும் தந்தமும் இல்லை என்று தெரிந்தாலே பாதி சண்டை தீர்ந்துவிடும். மீதிக்கு, அவருடைய பங்குக்கு ஒரு நியாயமான தொகையைக் கொடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அல்லது அம்மா இருக்கும்வரை அம்மாவிடமே இருக்கட்டும்.

வைப்பதிலும் ஒரு கவனம். அந்தத் தோல் உறையில் மறுபடி போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதைப் பதப்படுத்திய சரக்கும் எஃகைக் கறுக்கவைக்கும். உறை தனியாக இருக்கட்டும், தூக்கி எறிய வேண்டாம். கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துணியில் கத்தியைச் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை, கார்த்திகை கழிந்து ஒருமுறை எடுத்து எண்ணெய் போட்டால் போதும். எண்ணெய் அலகுக்கு மட்டும். எலும்புப் பிடியை ஊறவைக்கவோ வெயிலில் காயவைக்கவோ கூடாது, வெடித்துவிடும்.

இன்னொன்று. பெரிய அலகின் தேய்மானம் நுனியில் அதிகமில்லை. பிடியை ஒட்டிய பாகத்தில்தான் குழிந்திருக்கிறது. பென்சிலைக் கட்டைவிரலால் அணைத்துச் சீவுகிறவர்களிடம் அப்படித் தேயும். பிடியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஊதாக்கறை இருக்கிறது. மையாகவும் இருக்கலாம், வெற்றிலை பாக்காகவும் இருக்கலாம். உங்கள் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் கையில் இதைப் பார்த்ததாகச் சொன்னார் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். அம்மாவுக்கு 80 வயது என்கிறீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: மாமனார் எந்தக் கையால் பிடிப்பார், எதை வெட்டுவார், சாணை எங்கே பிடிப்பார், எந்தக் கல்லில்? அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, கத்தியின் படத்தையும் அளவையும் சேர்த்து அதே டப்பாவில் வையுங்கள். சின்ன அலகு திறந்தால் அதன் அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.